ஊதாத் தரையில் மஞ்சள் கோழி

உடையங்குறிச்சியில் மஞ்சள் ஊதாவாகவும் ஊதா மஞ்சளாகவும், ஆரஞ்சு நீலமாகவும் நீலம் ஆரஞ்சாகவும் மாறிப்போன அந்தப் புதன்கிழமைக் காலையில், ரேணுகா டீச்சர் வாயில் பிரஷ்ஷோடு மாடி வாசலில் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, யாரோ கொடிக்கம்பங்களை இடம் மாற்றி நட்டுவிட்டார்கள் என்பதுதான். மேலத்தெருக்காரர்களின் மஞ்சள் ஆரஞ்சுக் கொடி பறக்க வேண்டிய கம்பத்தில் ஊதாவும் நீலமும் பறந்தன, கீழத்தெருக்காரர்களின் ஊதா நீலக் கொடி பறக்க வேண்டிய கம்பத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் பறந்தன, இரண்டுக்கும் நடுவில் முதல் பஸ் மட்டும் எப்போதும்போல அழுக்காக நின்றது. டீச்சர் உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு தரம் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நமக்கு அதில் வேலை இல்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு கோழிக்கு நடந்ததைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

ரேணுகா டீச்சருக்குச் சொந்த ஊர் ஆரணி. உடையங்குறிச்சி நடுநிலைப் பள்ளிக்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்தபோது, அவரை எந்தத் தெருவில் குடிவைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. உங்க பக்கம் எந்தச் சாமி கும்பிடுவீக, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வருவாக, உங்க அப்பா பேருக்குப் பின்னாடி ஏதாவது உண்டுமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். டீச்சர் எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு, சாப்பிட்டீங்களா என்று திருப்பிக் கேட்டார். கடைசியில், இரண்டு தெருவிலும் சேராத மைதீன் பாயின் பேன்சி ஸ்டோர் மாடியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் வளர்ந்த ஊரில், சேலையின் உடலுக்கும் பார்டருக்கும் எந்த நிறம் எடுக்கும் என்று பெண்கள் கடையில் உட்கார்ந்து அரை நாள் பேசுவார்கள். யாருக்கும் எந்த நிறமும் சொந்தம் கிடையாது. அதனால் பிள்ளைகள் கையில் கட்டியிருந்த கயிறுகளைப் பார்த்து, ஏதோ கோயில் கயிறு போலிருக்கிறது, இந்த ஊரில் பக்தி கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம் ஏழாம் வகுப்பில் அவர் நடத்தியது வண்ணச் சக்கரம். சார்ட்டில் பெரிய வட்டம் வரைந்து, பூரிக்கட்டை போன்ற ஸ்கேலால் தட்டித் தட்டிக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அண்டை நிறங்கள், மஞ்சளும் ஆரஞ்சும்போல, ஊதாவும் நீலமும்போல. அவை சேர்ந்தால் கண்ணுக்கு அமைதி. வட்டத்தில் நேர் எதிரே இருப்பவை எதிர் நிறங்கள், மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. எதிர் நிறங்களை ஒட்டி ஒட்டி வைத்தால் மஞ்சள் இன்னும் மஞ்சளாகும், ஊதா இன்னும் ஊதாவாகும், இரண்டும் தூக்கலாகத் தெரியும். புரிஞ்சுதா என்று கேட்டார். புரிந்தது என்று நாற்பது குரல்கள் இழுத்துச் சொல்லின. அப்படியானால் உங்களுக்குப் பிடித்த ஒரு பிராணியை, இரண்டே இரண்டு எதிர் நிறங்களால் தீட்டிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

வந்த படங்களைப் பார்த்து டீச்சருக்குத் தலை சுற்றியது. பாதி வகுப்பு, ஆரஞ்சு வயலில் மஞ்சள் மாடும் மஞ்சள் வானத்தில் ஆரஞ்சுக் காக்கையும் வரைந்திருந்தது. மீதிப் பாதி, நீலத் தண்ணீரில் ஊதா எருமையை இறக்கியிருந்தது. அண்டை நிறம் கூடாது என்று தொண்டை வறளச் சொல்லியும் இப்படிச் செய்திருக்கிறார்களே என்று அலுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, இது எதிர் நிறம் அல்ல என்று கீழே எழுதினார். ஒரே ஒரு படம்தான் தேறியது. கீழத்தெரு முத்துப்பேச்சி ஊதாத் தரையில் ஒரு மஞ்சள் கோழியை நிறுத்தியிருந்தாள். கோழிக்குக் கால் கொஞ்சம் நீளம், ஆனால் அது தரையை விட்டு இறங்கி நடந்து வந்துவிடும்போல அப்படி எழும்பி நின்றது. டீச்சர் மகிழ்ந்துபோய்ப் பக்கம் நிறையச் சரி போட்டு, மிக நன்று என்று எழுதினார்.

மறுநாள் பிரேயருக்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். வடக்கிலிருந்து மேலத்தெரு வெள்ளத்துரை தன் ஆட்களோடு வந்தார், தெற்கிலிருந்து கீழத்தெரு மாசானம் தன் ஆட்களோடு வந்தார். ஒருவர் துட்டி கேட்கப் போகிற சாவு வீட்டுக்குக்கூட இன்னொருவர் போகாத அந்த இருவரும், ஒரே விஷயத்துக்காக ஒரே வாசலில் வந்து நின்றது அதுவே முதல் தடவை. மாசானம் முத்துப்பேச்சியின் அப்பா. மகளின் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். தலைமையாசிரியர் குற்றாலிங்கம், தனக்கு எந்தத் தெருவும் கிடையாது, ஓய்வு பெறும்வரை நிம்மதி மட்டும்தான் வேண்டும் என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். டீச்சர் சக்கரத்தைக் கொண்டுவந்து காட்டி விளக்கினார். இரண்டு தரப்பும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டது. பிறகு மாசானம் பேசினார்.

"எங்க நெறத்தச் சேத்தா தப்பு. அவிய நெறத்தச் சேத்தாலும் தப்பு. அவியளையும் எங்களையும் ஒண்ணா ஒட்டி வச்சா மட்டும் சரி. பிள்ளையளுக்கு நீங்க என்ன பாடம் நடத்துதீய டீச்சர்?"

அப்போதுதான் ரேணுகா டீச்சர் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிறுகளின் நிறத்தைப் பார்த்தார். பிறகு கொடிக்கம்பங்களை நினைத்துப் பார்த்தார், தெரு முனை வளைவுகளை, ஆட்டோக்களின் பட்டைகளை, குட்டிச் சுவர்களை. இத்தனை நாள் கண் எங்கே போயிருந்தது என்று அவருக்கே குழப்பமாக இருந்தது. குற்றாலிங்கம் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். டீச்சர் ஒவ்வொரு பெருக்கல் குறியையும் சரி என்ற குறியாகத் திருத்தினார். ஆரஞ்சுக் காக்கை சரி, ஊதா எருமை சரி, எல்லாம் சரி. கடைசியில் மாசானம் கோழியை மேசையில் விரித்து வைத்துவிட்டு நகராமல் நின்றார். முத்துப்பேச்சி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று டீச்சருக்குப் பயம் வந்தது. அந்தச் சரியின் மேல் ஒரு கோட்டை இழுத்துப் பெருக்கல் குறியாக்கினார். பிள்ளை அழவில்லை. படத்தைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஓவியப் பீரியடில் அவள் வராந்தாவில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

அதற்கு அடுத்த நாள்தான் அந்தப் புதன்கிழமை.

மேலத்தெருக்காரர்கள் விழித்தெழுந்து, தங்கள் கையில் எதிராளியின் கயிறு இருப்பதைப் பார்த்து, இது கீழத்தெருவின் வேலை என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் தங்கள் கையில் எதிராளியின் கயிறு இருப்பதைப் பார்த்து, இது மேலத்தெருவின் வேலை என்றார்கள். இரண்டு பக்கமும் கம்போடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த சொந்தக்காரர்கள், எப்போதும்போல மணிக்கட்டைப் பார்த்து அடித்தார்கள். வெள்ளத்துரையின் மச்சினருக்கு வெள்ளத்துரையின் சித்தப்பா மகனே முன்பல்லைத் தட்டினார். கீழத்தெருவில் இதே கதை வேறு பற்களோடு நடந்தது. போலீஸ் வந்து இரண்டு கூட்டத்தையும் இரண்டு மரத்தடியில் பிரித்து உட்காரவைத்தது. கயிற்றைப் பார்த்துப் பிரித்ததால் அதுவும் தப்பாகப் போயிற்று. சப் இன்ஸ்பெக்டர் தலைவலி மாத்திரை வாங்கிவரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அறுத்துப் போடுங்கய்யா என்றார்.

அறுத்தார்கள். மைதீன் பாய் கடையில் புதுக்கயிறு வாங்கினார்கள். கயிற்றுக் கண்டில் இருந்தபோது மஞ்சள், கத்தரித்தபோது மஞ்சள், கையில் சுற்றும்போதும் மஞ்சள், முடிச்சை இறுக்கியதும் ஊதா. கீழத்தெருக்காரர்களுக்கு ஊதா மஞ்சளானது. சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்துப் பட்டை தீட்டினார்கள், காய்வதற்குள் திரும்பிக்கொண்டது. ஆனால் வாழைப்பழம் மஞ்சளாகவே இருந்தது. கத்தரிக்காய் ஊதாவாகவே இருந்தது. மேலத்தெருவில் ஒரு மருமகள் ஆசைப்பட்டு எடுத்த மஞ்சள் சேலை அப்படியே இருக்க, அதே வீட்டில் கொழுந்தன் ஊர்வலத்துக்கென்று தைத்த மஞ்சள் சட்டை டீக்கடை பெஞ்சில் அவன் டீ குடித்து முடிப்பதற்குள் ஊதாவாயிற்று. எது மாறும் எது மாறாது என்று ஆளாளுக்கு ஒரு விதி சொன்னார்கள், எல்லா விதியும் மறுநாள் பொய்யானது. குற்றாலிங்கம் கழுத்தில் போட்டிருந்த மஞ்சள் துண்டு பிரேயர் நடுவில் மாறியபோது, எந்தத் தெருவும் இல்லாத அவர் அதைச் சட்டென்று சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு தேசிய கீதத்தைக் கொஞ்சம் வேகமாகவே பாடி முடித்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

மனுஷனுக்கு எதுவும் கொஞ்ச நாளில் பழகிவிடும். மேலத்தெரு ஆட்டோ எது என்று வெளியூர்க்காரர் கேட்டால், அந்தா நிக்குலா, அவிய கலர்ல இருக்கது, அதான் எங்களுது என்று ஊதாவைக் காட்டினார்கள். பெண்கள் குழாயடியில் கயிற்றைப் பார்த்து ஒதுங்குவதா ஆளைப் பார்த்து ஒதுங்குவதா என்று தெரியாமல், குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் போனார்கள். சில நாள் கயிறு பார்த்து ஏமாந்து பேசியும் விட்டார்கள். பிள்ளைகள்தான் சீக்கிரம் பழகினார்கள், யார் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய் ஒரு கபடி ஆட்டம் பாதியில் நின்றது. ரேணுகா டீச்சர் இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மனம் வராந்தாவிலேயே இருந்தது. ஒவ்வொரு ஓவியப் பீரியடிலும் ஜன்னலுக்கு வெளியே முத்துப்பேச்சியின் பின்னந்தலை தெரியும். ரெட்டைச் சடை, அசையாத கழுத்து. பாடத்தில் சொன்ன சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே பிள்ளையின் சரியைத் தான் அடித்துவிட்டோம் என்பது சோற்றில் கல்லாக அவருக்கு இடறிக்கொண்டே இருந்தது. அந்தச் சரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையே முப்பிடாதி அம்மன் கோயில் கொடைவிழா நெருங்கியது. அம்மன் ஒருத்திதான், ஆனால் இரண்டு தெருவும் தங்கள் தங்கள் எல்லைவரை தங்கள் தங்கள் நிறத்தில் கொடியும் தோரணமும் கட்டி, தங்கள் தங்கள் பந்தலில் கறிச்சோறு போடுவது வழக்கம். எந்த நிறத்தில் தோரணம் தைத்தாலும் கட்டியதும் திரும்பிக்கொள்ளுமே என்று இரண்டு தெருவும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மைதீன் பாய் கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்தபடி சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். மஞ்சளைக் கட்டினால் ஊதாவாகிறது என்றால், ஊதாவைக் கட்டினால் மஞ்சளாகிவிடப் போகிறது, இதுக்குப் போய் ஏன் இப்படி அலையுதிய என்றார்.

கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் யார் கட்டிப் பார்ப்பது? ஒரு முடிச்சு நேரம், ஒரு கண் மூடித் திறக்கிற நேரம்கூட எதிராளியின் நிறத்தைத் தன் கையில் கட்ட ஊரில் ஒருத்தர் இல்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாததால், தெரிந்தவரிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏழாம் வகுப்புப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க, மேலத்தெரு ஆண்கள் இடப்பக்கமும் கீழத்தெரு ஆண்கள் வலப்பக்கமும் உட்கார்ந்து வண்ணச் சக்கரம் படித்தார்கள்.

ரேணுகா டீச்சருக்கு அதுபோல மாணவர்கள் அதற்கு முன் அமைந்ததில்லை. ஊதாவில் சிவப்பு கூடினால் எதிரே மஞ்சளில் பச்சை கூடும் என்று சொன்னதும், கத்தரிப்பூ ஊதாவா நாவற்பழ ஊதாவா என்று சண்டை பிடித்தார்கள். நீலத்தில் எந்த நீலம் போட்டால் தங்கள் அசல் ஆரஞ்சு வரும் என்று துணித்துண்டுகளைக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்தார்கள். வெள்ளத்துரை பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கி, எதிர் நிறம் ரெண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சேறு மாதிரி ஆகிவிடும் என்றார் டீச்சர். அதைத்தான் தாங்களும் காலங்காலமாகச் சொல்கிறோம் என்று அவர் திருப்தியோடு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம்கூடச் சிலர் தலையாட்டினார்கள். கலக்காமல் பக்கத்தில் வைத்தால் ரெண்டுமே தூக்கலாகத் தெரியும் என்று டீச்சர் சொன்னதற்கு, அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

அத்தாட்சி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. டீச்சர் ஆளனுப்பினார். முத்துப்பேச்சி படத்தைக் கொண்டுவந்து, அப்பா இருக்கிற பக்கம் பார்க்காமல், டீச்சரிடம் நீட்டினாள்.

"டீச்சர், இதத் தப்புன்னு போட்டிருக்கியள."

டீச்சர் பெருக்கல் குறி தெரியாதபடி கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படத்தைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு தெருவும் பெஞ்சில் முன்னால் சாய்ந்து பார்த்தது. ஊதாவில் மஞ்சள் கோழி எழும்பி நின்றது. நல்லாத்தான் இருக்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாசானம் குனிந்து பெஞ்சில் எழுதியிருந்த யார் பெயரையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கட்டினால் கட்டாயம் மாறுமா என்று கடைசியாக ஒரு தரம் கேட்டார்கள். சக்கரப்படி மாற வேண்டும் என்றார் டீச்சர். அவருக்கு வெட்கமாக இருந்தது, கட்டைவிரல் வேர்த்திருந்தது.

மேலத்தெருப் பெண்கள் வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதாவும் நீலமும் தைத்தார்கள். கீழத்தெருப் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு மஞ்சளும் ஆரஞ்சும் தைத்தார்கள். கொடையன்று விடியலில் இரண்டு தெருவிலும் ஒரே நேரத்தில் ஏணி போட்டுத் தோரணம் ஏற்றி, மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊதா ஊதாவாகவே ஆடியது. மஞ்சள் மஞ்சளாகவே ஆடியது. வெயில் ஏறியது, கழுத்து வலித்தது, ஒன்றும் மாறவில்லை. மாறுவதற்கு அதில் என்ன இருந்தது, அதை யாரும் எங்களுது என்று சொல்லிக் கட்டவில்லையே. ஊரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை. சக்கரத்தில் நிறம் இருந்தது, யாருடைய நிறம் என்பது இல்லை.

கழற்ற நேரமில்லை. வெளியூர்ச் சொந்தங்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். மேலத்தெரு மாமன் மச்சான்மார் மஞ்சளைப் பார்த்துக் கீழத்தெருப் பந்தலுக்குள் நுழைந்தார்கள், கீழத்தெருச் சம்பந்திகள் ஊதாவைப் பார்த்து மேலத்தெருப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். கூட்டத்தில் யார் யாரைப் பார்க்க முடியும்? பரிமாறுகிறவன் வாளியைப் பார்த்தான், உட்கார்ந்தவன் இலையைப் பார்த்தான். வெள்ளத்துரையின் தாய்மாமன் கீழத்தெருவில் இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்த வருஷம் மசால் பக்குவம் என்று பரிமாறியவன் கையைப் பிடித்துப் பாராட்டினார். ஏப்பம் விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிலர் கிணற்றடியில் போய்க் குளித்தார்கள், சிலர் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஒன்றும் நடக்காததுபோல வெற்றிலை போட்டார்கள். தாய்மாமன் மட்டும் வேனில் ஏறும்போது, சமையல் யாருடா என்று மெதுவாக விசாரித்ததாகச் சொல்கிறார்கள்.

அந்த மசால்தான் ஊரைக் கலங்கடித்தது. பல் போனதற்குக் கலங்காதவர்கள், போலீஸுக்குக் கலங்காதவர்கள், இதற்குக் கலங்கிப்போனார்கள். இந்த வருஷம் கறிச்சோறு என்றால் அடுத்த வருஷம் என்ன என்று யோசிக்கவே இரண்டு தெருவும் பயந்தது. மறுநாள் காலையில் வெள்ளத்துரையும் மாசானமும் மைதீன் பாயின் மாடிப்படியில் ஒருவர் பின்னால் ஒருவராக ஏறி வந்தார்கள். வெள்ளத்துரை குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீங்க அன்னைக்கு அந்தக் கோழிய அடிச்சியள, அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். அதுக்குச் சரி போட்டுருங்க டீச்சர். அதது அதது எடத்துக்குப் போயிரும்."

மாசானமும் தலையை ஆட்டினார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு ரேணுகா டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தச் சரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாள் தவித்தாரோ, அதையே கொடுக்கச் சொல்லி ஊரே கெஞ்சுகிறது. கொடுத்தால், அது அது அதன் இடத்துக்குப் போய்விடும். அந்த இடம் எது என்று இப்போது அவருக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் ஊர் இப்படியே குழம்பிக் கிடக்கும், குழம்பிக் கிடக்கிற ஊரில் ஒரு தாய்மாமன் இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிடுவார், கபடி ஆட்டத்தில் பக்கம் மறந்துபோகும். ஆனால் அதற்காக ஒரு பிள்ளை, சரியாகச் செய்ததற்குத் தப்பு வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஊரைத் திருத்த ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பிடித்துவைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. டீச்சர் அன்றைக்குச் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனார்.

வராந்தாவில் முத்துப்பேச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சரி போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும், தனக்கு ஏன் குழப்பமாக இருக்கிறது, அன்றைக்கு ஏன் அந்தச் சரியை அடித்தார், எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்பது வரைக்கும் சொன்னார். பிள்ளை சடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் போட்டது சரியா தப்பா டீச்சர்?"

"சரிதான்."

"அப்பம் சரின்னு போட வேண்டியதான?"

டீச்சர் போட்டார். பழைய அடித்தலுக்குப் பக்கத்தில், புதிதாக, பெரிதாக.

மத்தியான மணி அடிப்பதற்குள் எல்லாம் திரும்பிவிட்டது. மேலத்தெரு வளைவில் மஞ்சள் பொங்கியது, கீழத்தெருச் சுவர்களில் ஊதா ஏறியது, கம்பங்களில் அவரவர் கொடி அவரவர் பக்கம் பறந்தது. வெடி போட்டார்கள். இரண்டு தெருவும் டீச்சருக்குத் தனித்தனியாக லட்டு கொடுத்தனுப்பியது. குழாயடியில் பெண்கள் பழையபடி ஆளைப் பார்க்காமலே ஒதுங்கினார்கள். கபடி ஆடியவர்களுக்குப் பக்கம் ஞாபகம் வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். பட்ட அனுபவத்தில் ஊருக்குப் பயம் வேறு கூடியிருந்தது. முன்பு பிள்ளைகளில் ஆம்பிளைப் பிள்ளைகள்தான் கயிறு கட்டுவார்கள். இப்போது பொம்பிளைப் பிள்ளைகளுக்கும், தொட்டில் குழந்தைகளுக்கும், கன்றுக்குட்டிகளுக்கும் கட்டினார்கள், அதுவும் முன்னைவிடத் தடிமனாக. மைதீன் பாய் கயிற்றுக் கண்டுகளை வரவழைத்து மாளவில்லை.

அடுத்த ஓவியப் பீரியடில் முத்துப்பேச்சி வகுப்புக்குள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மாசானமே கொண்டுவந்து விட்டுவிட்டு, டீச்சரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். டீச்சருக்கு அந்தத் தலையை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளும் கையைப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும், வலப்பக்கம் முழுக்க ஊதாவும் நீலமும். என்ன பாடம் நடத்துவது என்று டீச்சருக்குத் தோன்றவே இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

முத்துப்பேச்சி எழுந்து மேசைக்கு வந்தாள். நோட்டைக் காட்டுவதுபோல இடது கையை மேசைமேல் வைத்தாள். அவள் மணிக்கட்டில் புதுக்கயிறு, ஊதாவும் நீலமும் முறுக்கி, சதையில் பதிகிற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது.

"டீச்சர், இது ரெண்டும் சக்கரத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. எதிர் நிறம் இல்ல. இதுக்கு என்ன போடுவிய?"

ஜன்னலுக்கு வெளியே குற்றாலிங்கம் நின்றுகொண்டிருந்தார், அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. டீச்சருக்கு அதே பயம் வந்தது, கொஞ்சமும் குறையாமல். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து, கயிற்றை ஒட்டி அந்தத் தோலின் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"தப்பு" என்றார்.

முத்துப்பேச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். பலபேர் கையைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். இடப்பக்கத்து முன்பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான், ஜன்னலைப் பார்த்தான், உட்காரப் போனான், மறுபடி எழுந்தான். பிறகு மேசைக்கு வந்து, மஞ்சள் ஆரஞ்சுக் கயிறு கட்டிய கையை டீச்சர் முன்னால் நீட்டினான்.